பொற்கோலா, பொற்றலையா?

கேள்வி: ஐயா, நான் சுங்கை பட்டாணியில் வசிக்கிறேன். பீடோங் பக்கத்தில் என் மாமியார் பிறந்து வளர்ந்த ரப்பர் தோட்டம் இப்போது செம்பனையாக மாறிவிட்டது. போன மாதம் அங்குள்ள மாரியம்மன் கோயில் திருவிழாவுக்குக் குடும்பத்தோடு போயிருந்தோம். கோயிலுக்குப் பின்னால் கால்வாய்க் கரை முழுக்க மஞ்சள் பூ, பாய் விரித்ததுபோல் கிடந்தது. மாமியார் அதை மஞ்சள் கரிசலாங்கண்ணி என்று சொல்லி ஒரு கட்டுப் பறித்துக்கொண்டார். என் மகன் கைப்பேசியில் படம் எடுத்துச் செயலியில் பார்த்தான். அது ‘கோல்டன்ராட்’ என்றது. எடிசன் ரப்பர் எடுத்த செடி அதுதான் என்றும் அவனே தேடிப் படித்துச் சொன்னான். ரப்பர் தோட்டத்தில் அந்தச் செடி இருப்பதற்கு ஏதாவது தொடர்பு உண்டா? யாரும் நடாமலே அவ்வளவு செழிப்பாக வளர்வதால் அது இந்த மண்ணின் செடிதானே? வெளியில் பார்த்தால் எப்படி அடையாளம் காண்பது? பறித்ததைச் சமைக்கலாமா? மூன்று படங்கள் இணைத்துள்ளேன்.
– ஒரு வாசகி, சுங்கை பட்டாணி

பதில்: 

கடைசியாகக் கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். அந்தக் கட்டைச் சமைக்க வேண்டாம். வாடிப் போயிருந்தால் குப்பைப் பையில் கட்டிப் போடுங்கள். வேலியோரத்திலோ கால்வாயிலோ வீசிவிடாதீர்கள். ஏன் என்பதைப் பிறகு சொல்கிறேன். மாமியாரிடம் வருத்தப்படவும் வேண்டாம். அவர் சொன்ன பெயர் நல்ல பெயர், பழைய பெயர். அந்தப் பெயருக்கு உரிய செடிதான் வேறு.

உங்கள் கடிதத்தில் மூன்று செடிகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. ஒன்று வட அமெரிக்காவுடையது, ஒன்று கரீபியன் பக்கத்தது, மற்றொன்று நம் ஆசியாவினுடையது. மூன்றும் மஞ்சள், மூன்றும் சூரியகாந்திக் குடும்பம். இப்படி ஒரு கேள்வி வந்தால் எனக்கு அன்றைய பொழுது நன்றாகப் போகும். ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்ப்போம்.

எடிசன் கதையிலிருந்து தொடங்குகிறேன். உங்கள் மகன் படித்தது உண்மை. அதிலும் நம் தோட்டங்களுக்கு அந்தக் கதையில் பெரிய பங்கு உண்டு.

முதல் உலகப் போருக்குப் பிறகு ரப்பர் விலை விழுந்தது. விலையைத் தூக்கி நிறுத்த ஆங்கிலேய அரசு 1922இல் ஸ்டீவன்சன் திட்டம் என்ற ஏற்றுமதிக் கட்டுப்பாட்டைக் கொண்டுவந்தது. மலாயாவும் இலங்கையும் இவ்வளவுக்கு மேல் ரப்பர் அனுப்பக் கூடாது என்று அளவு வைத்தார்கள். விலை ஏறியது. அதிகமாகக் கலங்கியது அமெரிக்கா, ஏனென்றால் அங்கேதான் வீட்டுக்கு வீடு மோட்டார் வண்டி வந்துகொண்டிருந்தது. வண்டி அவர்களுடையது, டயருக்கான பால் நம் நிரைகளிலிருந்து போக வேண்டியிருந்தது. ஆகவே தாமஸ் எடிசன், ஹென்றி ஃபோர்டு, டயர் முதலாளி ஹார்வி ஃபயர்ஸ்டோன் மூவரும் சேர்ந்து 1927இல் ஃபுளோரிடாவில் ஃபோர்ட் மயர்ஸ் என்ற ஊரில் ஓர் ஆய்வு நிறுவனம் தொடங்கினார்கள். அமெரிக்க மண்ணிலேயே, ஓராண்டுக்குள் அறுவடை செய்யக்கூடிய ஒரு ரப்பர்ச் செடி வேண்டும் என்பது எண்ணம். எடிசனுக்கு அப்போது வயது எண்பது. ஏறக்குறைய 17,000 செடி மாதிரிகளைச் சோதித்து, கடைசியில் அவர் தேர்ந்தெடுத்தது கோல்டன்ராட். பொறுக்கி எடுத்து வளர்த்ததில் செடி 12 அடி உயரம் வரை வந்தது, இலையிலிருந்த ரப்பர் 12 சதவீதம் வரை ஏறியது என்று அந்த முயற்சியைப் பற்றி எழுதியிருக்கிறார்கள்.

ஆனால் பால் மரம் வெட்டிய குடும்பத்தார் உடனே ஒன்றைக் கேட்பார்கள்: அதை எங்கே வெட்டுவது? வெட்டவே முடியாது. நம் ரப்பர் மரத்தின் பட்டைக்குள் பால்குழாய்கள் ஓடுகின்றன. உளி பட்டதும் ஒழுகும். கோல்டன்ராடில் அப்படிக் குழாய் கிடையாது. ரப்பர் இலையின் உள்ளறைகளில் துளித்துளியாக அடைபட்டிருக்கும். இலையை உலர்த்தி, பொடித்து, கரைப்பான் ஊற்றித்தான் பிரிக்க வேண்டும். கிடைப்பதும் தரம் குறைந்த ரப்பர். எடிசன் 1931இல் மறைந்தார். பின்னர் செயற்கை ரப்பர் வந்தது. அந்த முயற்சி அத்தோடு நின்றுபோனது.

ஆகவே பீடோங் தோட்டத்தில் அந்தச் செடி இருப்பதற்கு எந்தக் காரணமும் இல்லை. அது நம் ரப்பருக்கு மாற்றாகத் தேடப்பட்ட செடி. இங்கே கொண்டுவந்து நட வேண்டிய தேவை யாருக்கும் இருந்ததில்லை. கோல்டன்ராடின் தாவரப் பெயர் சாலிடாகோ. நூற்றுக்கும் மேற்பட்ட இனங்கள். பெரும்பாலானவை வட அமெரிக்காவில் வளர்பவை. கெடாவின் தோட்டத்திலும் வயலிலும் இயல்பாக வளரும் சாலிடாகோ ஒன்றுகூடக் கிடையாது. ஆனாலும் நீங்கள் அதைப் பார்த்திருப்பீர்கள். பூங்கொத்துக் கடையில் ரோஜாக்களுக்கு நடுவே மஞ்சள் இறகுபோல் ஒரு தண்டைச் செருகுவார்களே, அதுதான்.

அந்த இறகு வடிவத்தை நினைவில் வைத்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. கோல்டன்ராட் என்றால் பொற்கோல். செடி நிமிர்ந்து நிற்கும், ஆள் உயரம்கூட வரும். நுனியில் கடுகுபோல நூற்றுக்கணக்கான சின்னஞ்சிறு பூக்கள் சேர்ந்து ஒரே தோகையாகத் தெரியும். இலைகள் தண்டில் ஒன்று இந்தப் பக்கம், அடுத்தது சற்று மேலே அந்தப் பக்கம் என்று மாறி மாறி வரும். இதை மாற்றிலை அமைவு என்பார்கள்: ஒரு கணுவுக்கு ஓர் இலை. உங்கள் படத்திலுள்ள செடியோ தரையில் படர்கிறது. ஒவ்வொரு கணுவிலும் இரண்டு இலைகள் நேருக்கு நேர் நிற்கின்றன. இது எதிரிலை அமைவு. பூவும் தோகையாக இல்லை. நீளமான ஒற்றைக் காம்பின் உச்சியில் தனியாக ஒன்று. பூவே இல்லாத நாளில்கூட அந்த இலை அமைவு ஒன்றே போதும், இது பொற்கோல் இல்லை என்று அடித்துச் சொல்லலாம்.

அப்படியானால் செயலி ஏன் தவறியது? உங்கள் முதல் படம் கால்வாயின் மறுகரையிலிருந்து எடுத்தது. அதில் பச்சை நடுவே மஞ்சள் புள்ளிகள் மட்டுமே தெரிகின்றன. கணு தெரியவில்லை, இலையின் ஓரம் தெரியவில்லை. அந்தப் படத்தை மட்டும் காட்டியிருந்தால் நானும் பெயர் சொல்லியிருக்க மாட்டேன். இரண்டாவது படத்தில்தான் உங்கள் மகனின் கையில் ஒரு கொடி இருக்கிறது. எனக்கு வேண்டியதெல்லாம் அதில் இருந்தது.

அதைப் பார்க்குமுன் ஒரு சொல்லை நிறுத்திப் பார்க்கலாம். சித்த மருத்துவ நூல்களில் மஞ்சள் கரிசலாங்கண்ணிக்குப் பொற்றலைக் கையாந்தகரை என்று ஒரு பெயர் உண்டு. கையாந்தகரை என்பது கரிசலாங்கண்ணி. பொற்றலை என்றால் பொன் தலை. பெயர் வைத்தவர் எவ்வளவு கூர்ந்து பார்த்திருக்கிறார் என்று நான் வியப்பதுண்டு. சூரியகாந்திக் குடும்பத்தில் நாம் ஒரு பூ என்று சொல்வது உண்மையில் ஒரு பூவே இல்லை. அது பல பூக்கள் ஒரே மேடையில் நெருங்கி உட்கார்ந்த கூட்டம். தாவரவியலில் அதற்குச் சிரமஞ்சரி என்று பெயர். தலை வடிவப் பூங்கொத்து என்று பொருள். ஓரத்தில் இதழ்போல் நீண்டிருப்பவை ஒவ்வொன்றும் தனிப் பூ. அவற்றைக் கதிர்ச் சிறுபூ என்கிறோம். நடுவில் பொடிப்பொடியாக நிற்பவை வட்டுச் சிறுபூக்கள். ஒரு பூவைக் கிள்ளி நகத்தால் பிரித்துப் பார்த்தால் உங்கள் மகனே எண்ணிவிடுவான். பொற்கோலில் ஒவ்வொரு தலையும் மிகச் சிறியது, அதனால் தோகைதான் கண்ணுக்குப் படுகிறது. உங்கள் செடியில் ஒவ்வொரு தலையும் ஓரங்குலம் அகலம்.

இனி அந்தக் கொடி. இலை தடிப்பாக, மேற்புறம் சற்றே மினுமினுப்பாக இருக்கிறது. இலையின் நடுப்பகுதியில் இரு பக்கமும் ஒவ்வொரு மடல் பிதுங்கி நிற்க, மொத்தத்தில் மூன்று மடலாகத் தெரிகிறது. தண்டு மண்ணைத் தொட்ட கணுவில் வெள்ளை வேர்கள். இவை போதும். இது ஸ்ஃபாக்னெடிகோலா ட்ரைலோபாட்டா. ட்ரைலோபாட்டா என்றாலே மும்மடல் என்றுதான் பொருள். நர்சரிக்காரர்கள் இன்னும் வெடேலியா என்ற பழைய பெயரால் சொல்வார்கள். 1996இல் புரூஸ்கி என்ற தாவரவியலாளர் இப்போதைய பேரினத்துக்கு மாற்றினார். ஆஸ்திரேலியாவில் இதைச் சிங்கப்பூர் டெய்சி என்கிறார்கள். அந்தப் பெயரை நம்பிச் சிங்கப்பூரில் இதன் தாயகத்தைத் தேடினால் கிடைக்காது. மெக்சிகோவிலிருந்து கரீபியன் தீவுகள், தென் அமெரிக்காவின் வெப்பப் பகுதிகள் வரை அதன் சொந்த ஊர். தாவரவியலாளர் லின்னேயஸ் 1759இலேயே இதற்குப் பெயர் வைத்துவிட்டார்.

ஒரு எச்சரிக்கை: எல்லா இலையிலும் மடல் இருக்காது. நிழலில் வளர்ந்த கொடியிலும், பூக்காம்புக்கு அருகிலும் மடல் இல்லாத இலைகள் வரும். ஒரே ஓர் இலையை வைத்துத் தீர்ப்புச் சொல்லிவிடாமல், கொடியை இழுத்து அடியிலிருந்து நுனிவரை பத்து இலையாவது பாருங்கள்.

இப்போது உங்கள் நடுக் கேள்விக்கு வருகிறேன். எனக்கு மிகவும் பிடித்த கேள்வியும் அதுதான். யாரும் நடாமல் செழிப்பாக வளர்வதால் இது இந்த மண்ணின் செடிதானே என்கிறீர்கள். பெரும்பாலோர் அப்படித்தான் நினைக்கிறார்கள், இயல்பான நினைப்பும்கூட. ஆனால் தானாக முளைப்பது ஒன்று, ஓர் இடத்துக்கு உரியதாக இருப்பது வேறொன்று. தோட்டத்துப் பிள்ளைகள் எல்லாரும் விரல் வைத்து விளையாடிய தொட்டாற்சிணுங்கி அமெரிக்க வெப்பமண்டலத்திலிருந்து வந்தது. அடிபட்டால் கசக்கி வைக்கும் கிணற்றடிப் பூண்டும் அப்படியே. செம்பனை நிரைகளில் மரத்தைச் சுற்றி ஏறும் மைக்கானியாக் கொடியும் அந்தப் பக்கம்தான். யாரும் நட்டு வளர்க்கவில்லை, எல்லாம் தாமாகவே வளர்கின்றன.

சொல்லப்போனால் தோட்டத்தில் நட்டதும் வெளியூர்தான். ரப்பர் மரம் பிரேசிலுடையது. 1876இல் விதை லண்டன் கியூ தோட்டத்துக்குப் போய், 1877இல் அங்கிருந்து 22 கன்றுகள் சிங்கப்பூர் வந்து சேர்ந்தன. செம்பனை மேற்கு ஆப்பிரிக்காவினுடையது. ஜப்பானியர் காலத்தில் நம் பாட்டன் பாட்டிமார் உயிரைப் பிடித்து வைத்த மரவள்ளியும் தென் அமெரிக்காவிலிருந்து வந்ததே. ஆகவே வெளியிலிருந்து வந்தது என்பது ஒரு செடியின் குற்றம் இல்லை. சில கட்டுரைகளில் இத்தகைய செடிகளை வந்தேறி என்று எழுதுகிறார்கள். இந்த நாட்டில் அந்தச் சொல் நம்மை எவ்வளவு காயப்படுத்தியிருக்கிறது என்று எனக்குத் தெரியும்; செடிக்குக்கூட நான் அதைப் பயன்படுத்துவதில்லை. அயல் தாவரம் என்பேன். ஓர் இடத்தில் மனிதர் கொண்டுவராமல் காலங்காலமாக இருப்பது இயல் தாவரம். மனிதர் கையால் வந்தது அயல் தாவரம். அயல் தாவரங்களில் நட்ட இடத்தோடு நிற்காமல், பக்கத்துச் செடிகளை மூடி அழித்துக்கொண்டே போவது ஆக்கிரமிப்புத் தாவரம். ரப்பர் மரம் அயல், ஆனால் நிரையை விட்டு நடந்து போகவில்லை. உங்கள் கால்வாய்க் கரைச் செடி நடக்கிறது. உலகின் மிக மோசமான நூறு ஆக்கிரமிப்பு உயிரினங்கள் என்று பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் வெளியிட்ட பட்டியலில் அதற்கும் இடம் உண்டு.

அது எப்படி நடக்கிறது என்பதுதான் உங்கள் ‘ஏன் இவ்வளவு செழிப்பு’ என்பதற்கு உண்மையான விடை. பூவைப் பார்த்து, விதை விழுந்து பரவுகிறது என்று நினைப்போம். இந்தச் செடி முளைக்கக்கூடிய விதை வைப்பது அரிது. பரவுவது கணுவால். கணுவில் இலைகள் மட்டும் இல்லை, வேராக மாறத் தயாரான திசுவும் இருக்கிறது. ஈர மண்ணைத் தொட்டதும் வேர் விடும். ஒரு விரல் நீளத் துண்டில் ஒரே ஒரு கணு இருந்தாலும் அது முழுச் செடி ஆகிவிடும்.

இதை வைத்துக் கால்வாய்க் கரையில் நடப்பதை யோசித்துப் பாருங்கள். சடக்கோரம் மண் அரிக்காமல் இருக்கவும் பார்வைக்கு அழகாக இருக்கவும் இதை நடுவது பல நாடுகளில் வழக்கம். ஒரு முறை நட்டால் தண்ணீர் ஊற்ற வேண்டாம், உரம் வேண்டாம். வளர்ந்ததை வெட்டிக் குப்பையோடு கால்வாயில் தள்ளுவார்கள். மழையில் துண்டுகள் மிதந்து கீழே போகும். பிறகு புல்வெட்டும் இயந்திரம் வரும். சுழலும் கயிறு ஒரு கொடியை ஐம்பது துண்டாக்கி இரு கரையிலும் தெளிக்கும். சுத்தம் செய்ததாக நினைப்போம், நட்டுவிட்டுப் போயிருப்போம். இதனால்தான் பறித்த கட்டை வெளியே வீச வேண்டாம் என்றேன். பற்றாததற்கு, இதன் இலையும் வேரும் மண்ணில் கசியவிடும் சில வேதிப்பொருள்கள் அக்கம்பக்கத்து விதைகள் முளைப்பதைத் தடுக்கின்றன. இதற்கு அல்லெலோபதி என்று பெயர்: ஒரு செடி வேதிப்பொருளால் மற்றொன்றை ஒடுக்குவது. நீங்கள் பார்த்த அந்தப் பாய் அவ்வளவு ஒரே சீராக இருந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

இனி மாமியாரின் கரிசலாங்கண்ணி. அதன் தாவரப் பெயர் ஸ்ஃபாக்னெடிகோலா கேலண்டுலேசியா. மேலே சொன்ன செடிக்குச் சொந்தத் தங்கை, ஒரே பேரினம். அதனால்தான் இவ்வளவு குழப்பம். தமிழ்நாட்டில்கூடச் சந்தையில் ஒன்றுக்குப் பதில் மற்றொன்று கைமாறுகிறது. தென் சீனாவில் இரண்டும் தாமாகவே கலந்து கலப்பினச் செடி உண்டானதையும் தாவரவியலாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். தங்கை ஆசியாவுக்கு உரியவள். இந்தியா, இலங்கையிலிருந்து சீனா, ஜப்பான் வரை ஈர நிலத்திலும் வயல் வரப்பிலும் இயல்பாக வளர்வது. வள்ளலார் கரிசலாங்கண்ணியை எவ்வளவு உயர்வாகச் சொன்னார் என்பதை இங்குள்ள சன்மார்க்க சங்கத்தார் உங்களுக்குச் சொல்வார்கள்.

ஒரு செய்தியைச் சொல்லாமல் போக மனமில்லை. கரிசலாங்கண்ணியின் மருந்துப் பொருள் என்று இன்று உலகெங்கும் பேசப்படும் வேதிப்பொருள் வெடெலோலாக்டோன். பெயரிலேயே வெடேலியா இருக்கிறது பாருங்கள். அந்த மூலக்கூறு எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்பதை இந்த மஞ்சள் பூச் செடியிலிருந்து பிரித்துக் கண்டு 1956இல் வெளியிட்டவர்கள் சென்னை மாநிலக் கல்லூரியில் பேராசிரியர் டி. ஆர். கோவிந்தாச்சாரியும் அவருடன் வேலை செய்தவர்களும். நம் பாட்டிமார் வரப்பில் கிள்ளிய கீரையைச் சென்னையில் ஒரு கல்லூரி ஆய்வுக்கூடம் அணு அணுவாகப் பிரித்துப் பார்த்தது என்று நினைக்கும்போது எனக்கு இன்றும் பெருமையாக இருக்கிறது.

அக்காவையும் தங்கையையும் பிரிப்பது கடினமில்லை. கைவிரலே போதும். மஞ்சள் கரிசலாங்கண்ணியின் இலை குறுகலானது, நீண்டது. அகலம் ஒரு விரல் பருமன்தான் இருக்கும். ஓரத்தில் ஓரிரண்டு சிறு பற்கள் இருக்கலாம், மடல் ஒருநாளும் இருக்காது. இலையின் இரு பக்கமும் படிந்த குறுமயிர், தடவினால் சொரசொரக்கும். மும்மடல் செடியின் இலையோ அகலம், தடிப்பு, மேலே வழவழப்பு. பூவை வைத்துப் பிரிக்கப் போகாதீர்கள். கண்ணை ஏமாற்றுவதே பூதான். அக்காவின் பூ சற்றே பெரிது, ஆரஞ்சு கலந்த மஞ்சள். இரண்டையும் பக்கத்தில் வைத்தால்தான் அந்த வித்தியாசம் தெரியும்.

‘அப்படியானால் கெடாவில் இயல்பாக வளரும் மஞ்சள் பூ எதுவும் இல்லையா?’ என்று அடுத்துக் கேட்பீர்கள். இருக்கிறது, ஆனால் தோட்டத்தில் தேடக் கூடாது. தஞ்சோங் டாவாய், யான், கோல மூடா என்று கடற்கரைப் பக்கம் போக வேண்டும். மணல் முடிந்து புதர் தொடங்கும் இடத்திலும், சதுப்புக் காட்டின் கரைப்பக்க விளிம்பிலும் வளரும் வொல்லாஸ்டோனியா பைஃப்ளோரா என்ற செடி அது. மலாய்க்காரர்கள் செருனாய் லாவுட் என்கிறார்கள்; லாவுட் என்றால் கடல். இந்தியப் பெருங்கடலிலிருந்து பசிபிக் தீவுகள் வரை கடலோரம் எங்கும் உண்டு. கடாரம் என்று நம் முன்னோர் சொன்ன துறைமுகத்துக்குக் கப்பல்கள் வந்த நாளிலும் மெர்போக் ஆற்று முகத்தில் இந்தப் பூ மஞ்சளாக நின்றிருக்கும் என்று எண்ணிப் பார்ப்பதில் எனக்கு ஒரு மகிழ்ச்சி.

அதை அறிய மூன்று குறிகள் போதும். தரையோடு மட்டும் படராது. மற்றப் புதர்மேல் சாய்ந்து ஏறி ஆள் உயரம் வரும். இலை முட்டை வடிவில், நுனி கூர்ந்து, ஓரம் அரம்போல் இருக்கும். அடியிலிருந்து மூன்று நரம்புகள் தெளிவாக மேலே ஓடும். மடல் இல்லை. முக்கியமாக, இலைக்குத் தனிக் காம்பு உண்டு. மும்மடல் செடியிலும் மஞ்சள் கரிசலாங்கண்ணியிலும் இலை ஏறக்குறையத் தண்டிலேயே ஒட்டியிருக்கும். பைஃப்ளோரா என்றால் இருபூ. தலைகள் இரண்டிரண்டாக வருவதைப் பார்த்து வைத்த பெயர். சில கிளைகளில் ஒன்றோ மூன்றோ இருக்கும், அதைக் கண்டு குழம்ப வேண்டாம்.

வேறு இரண்டு மஞ்சள்களையும் சொல்லிவிடுகிறேன், சடக்கோரத்தில் இவையும் கண்ணில் படும். மொச்சைப் பூ வடிவில் சின்ன மஞ்சள் பூ, ஒரு காம்பில் நான்கு சிற்றிலை என்றால் அது பிரேசிலின் நிலக்கடலைக் கொடி. சூரியகாந்திக் குடும்பமே இல்லை. ஆளை விட உயரமான புதரில் உள்ளங்கை அகலப் பூ என்றால் மெக்சிகோ சூரியகாந்தி.

அடுத்த முறை போகும்போது உங்கள் மகனிடம் நான்கு படம் எடுக்கச் சொல்லுங்கள். செடி முழுவதும் எப்படி நிற்கிறது அல்லது கிடக்கிறது என்று ஒன்று. ஒரு கணுவும் அதன் இரண்டு இலைகளும் தெளிவாகத் தெரிய ஒன்று. இலையைத் திருப்பி அடிப்புறம் ஒன்று. பூவை மேலிருந்து அல்ல, பக்கவாட்டில் ஒன்று. தலைக்கு அடியிலுள்ள பச்சைச் செதில் வளையம் அதில்தான் தெரியும். இந்த நான்கையும் கொடுத்தால் செயலியும் நன்றாகவே வேலை செய்யும். பக்கத்தில் ஐம்பது சென் நாணயம் ஒன்றை வைத்து எடுத்தால் அளவும் தெரியும். அதைவிட நல்லது, ஒரு கிளையைப் பழைய தமிழ் நாளிதழ்த் தாள்களுக்கு நடுவே விரித்து, மேலே தலையணைப் புத்தகம் ஒன்றை வைத்து, தினமும் தாளை மாற்றி ஒரு வாரம் உலர்த்துவது. எடுத்த இடமும் நாளும் ஒரு சீட்டில் எழுதி வையுங்கள். கெப்போங்கில் உள்ள வன ஆய்வுக் கழகத்தின் உலர்தாவரக் களஞ்சியத்தில் இருக்கும் மாதிரிகளும் இதே முறையில் உலர்த்தியவைதான்.

சமைக்க வேண்டாம் என்றதற்குக் காரணம் இன்னும் சொல்லவில்லை. மும்மடல் செடியில் காரினாயிக் அமிலம் என்ற பொருள் உண்டு. ஆடுமாடுகளின் கருச்சிதைவோடு தொடர்புபடுத்திப் பேசப்படுவது அது. கரிசலாங்கண்ணிக்குச் சொல்லும் பயனை இதில் எதிர்பார்த்துக் குடும்பத்துக்குப் பரிமாறக் கூடாது, வீட்டில் கர்ப்பிணி இருந்தால் தொடவே கூடாது. அதோடு அது தோட்டத்துக் கால்வாய்க் கரை. பாராகுவாட் 2020 முதல் இந்த நாட்டில் தடை செய்யப்பட்டாலும் மற்றக் களைக்கொல்லிகள் அடிப்பது நிற்கவில்லை. மருந்தடித்தும் பட்டுப்போகாமல் நிற்கும் செடியின் இலையில் என்ன படிந்திருக்கிறது என்று பார்வையால் சொல்ல முடியாது. அங்கே உண்மையான கரிசலாங்கண்ணியே முளைத்திருந்தாலும் நான் பறிக்க வேண்டாம் என்றுதான் சொல்வேன். மாமியாருக்குக் கீரை வேண்டுமானால், இலையைத் தடவிப் பார்த்துச் சரியான செடியிலிருந்து ஒரு கணு வாங்கி வந்து தொட்டியில் வையுங்கள். ஈரம் குறையாமல் பார்த்துக்கொண்டால் வேர் பிடித்துவிடும்.

ஒரு உதவியும் கேட்கிறேன். மாமியார் சிறு வயதில் லயத்து வீட்டுப் பக்கம் கிள்ளிச் சாப்பிட்ட மஞ்சள் கரிசலாங்கண்ணி அவருக்கு நிச்சயம் நினைவிருக்கும். அந்த இலை விரலுக்குச் சொரசொரத்ததா, வழவழத்ததா? அதை யார் கொண்டுவந்து வைத்தார்கள், கால்வாய்க் கரையிலா வாளியிலா என்று அவரிடம் கேட்டு எனக்கு எழுதுங்கள்.